ஆற்று வழியே பாறை வரைதல்: கனடியக் கேடயத்தில் இளம் நிலவியலாளருக்கான படகுப் பயண வழிகாட்டி

கனடாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கனடியக் கேடயம் என்னும் தொல்பாறைப் பகுதியில் சாலைகள் மிகக் குறைவு. அங்கே மனிதர்களை உள்ளே கொண்டுசெல்வன ஏரிகளும் அவற்றை இணைக்கும் ஆறுகளுமே. 1842-இல் வில்லியம் லோகனைத் தலைவராகக் கொண்டு கனடிய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கப்பட்டபின், அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்நாட்டு நிலவியலாளர்களின் வேலை பெரும்பாலும் கனூ என்னும் ஒல்லியான துடுப்புப் படகில்தான் நடந்தது. இன்று மிதவை விமானம் இரண்டு பேரையும் ஒரு படகையும் ஓர் ஏரியில் இறக்கிவிட்டுச் சில வாரங்கள் கழித்து வேறோர் ஏரியில் ஏற்றிக்கொள்கிறது. செயற்கைக்கோள் தொலைபேசியும் இடங்காட்டிக் கருவியும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் இடையில் செய்யும் வேலையின் முறை அவ்வளவாக மாறவில்லை. நிலவியல் படித்துவிட்டு முதல் கோடைக்கால வரைபடப் பணிக்குச் செல்பவர்களுக்கு அந்த முறையை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படகோட்டிக்கு எது இடையூறோ அதுவே நிலவியலாளருக்கு வேலைக்களம். கேடயப் பகுதியின் ஆறுகள் நம் சமவெளி ஆறுகளைப் போலச் சீராக இறங்குவதில்லை. பனிப்பாளம் சுரண்டிவிட்டுப் போன நிலத்தில் அவை, ஒரு கண்மாயின் கலிங்கு நீர் அடுத்த கண்மாய்க்கு இறங்குவதுபோல, அமைதியான ஏரிகளாகவும் அவற்றுக்கிடையே குறுகிய வேகநீர்களாகவும் அருவிகளாகவும் மாறிமாறி அமைகின்றன. அமைதியான நீட்சிகளில் கரை பெரும்பாலும் களிமண்ணும் சதுப்பும்தான். கடினமான பாறை ஆற்றைக் குறுக்கிடும் இடத்திலேயே அருவி விழுகிறது. ஆகவே அருவியைக் கண்டதும் சுமையைத் தூக்கிக்கொண்டு விரைவாகக் கடந்துவிட வேண்டும் என்று எண்ணும் பயணி, அன்றைய நாளின் மிகச் சிறந்த பாறை முகப்பை, அதாவது மண் மூடாமல் பாறை வெளித்தெரியும் இடத்தை, தவறவிடுகிறார். நாளின் நேரத்தைப் பங்கிடும்போது தட்டையான நீரில் விரைந்து செல்லுங்கள். வேகநீரின் ஓரத்தில் மணிக்கணக்கில் நில்லுங்கள்.

புறப்படுமுன்

வரைபடத்தை விரித்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆறு பாறைகளின் போக்குக்கு இணையாக ஓடுகிறதா, குறுக்காக ஓடுகிறதா என்பதே. நீர் எப்போதும் பலவீனமான வழியைத் தேடும். பிளவுகளும் மென்மையான பாறைப் பட்டைகளும் அதற்கு எளிய வழிகள். பட்டை நீளும் திசையிலேயே ஓடும் ஆற்றில் 20 கிலோமீட்டர் துடுப்புப் போட்டாலும் ஒரே வகைப் பாறையையே கண்டு, அந்தப் பகுதி முழுவதும் அதுவே என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. குறுக்காக வெட்டிச் செல்லும் ஆறு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால், ஆற்றிலிருந்து இருபுறமும் காட்டுக்குள் குறுக்கு நடைகளை இப்போதே வரைபடத்தில் கோடிட்டுக்கொள்ளுங்கள். களத்தில் சோர்வு வந்தபின் அவற்றைத் திட்டமிட யாருக்கும் மனம் வராது. வான்வழிக் காந்த அளவை வரைபடங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். நீங்கள் கால் வைக்க முடியாத சதுப்புக்கு அடியில் எந்தப் பாறை தொடர்கிறது என்பதற்கு அவை நல்ல குறிப்புத் தரும்.

ஒரே கோட்டில் செல்லும் பயணத்தின் வரம்பைக் கனடிய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜோசப் பர் டைரல் நன்கு உணர்ந்திருந்தார். 1893-இல் அவர் தம் தம்பி ஜேம்ஸுடனும் ஆறு துடுப்பாளர்களுடனும் மூன்று படகுகளில் அத்தபாஸ்கா ஏரியிலிருந்து வடக்கே சென்று, டுபான்ட் ஆற்றின் வழியே மரங்களற்ற பாழ்நிலத்தைக் கடந்து, செஸ்டர்ஃபீல்டு நுழைகழியில் இறங்கி ஹட்சன் விரிகுடாவை அடைந்தார். அது ஒரே ஒரு கோடு. அடுத்த ஆண்டே அவர் திரும்பி வந்து, கிழக்கே உள்ள கஸான் ஆற்றின் வழியே இரண்டாவது கோட்டை இழுத்தார். இரண்டு கோடுகள் இருந்தால்தான் அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பற்றி ஏதேனும் பேச முடியும்.

பருவத்தைப் பொறுத்தவரை பயணிகளின் விருப்பமும் நிலவியலாளரின் விருப்பமும் மீண்டும் மாறுபடுகின்றன. பனி உருகிய வெள்ளம் ஓடும் தொடக்கத்தில் படகு ஓட்டுவது எளிது, ஆனால் கரைப்பாறைகளில் பாதி நீருக்கடியில் இருக்கும். கோடையின் பிற்பகுதியில் நீர் வடிந்ததும் கழுவிய பாறை வெளியே வரும். படகை மட்டும் ஆங்காங்கே இழுத்துச் செல்ல நேரும். அந்த இழுவையை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கடிக்கும் கருப்பு ஈக்களின் உச்சப் பருவமான ஜூன் மாதத்தையும் அதனால் ஓரளவு தவிர்க்கலாம். ஆனால் வடக்கே செல்லச் செல்லப் பருவம் குறுகும். டைரல் குழுவினர் ஆகஸ்ட் மாதத்திலும் டுபான்ட் ஏரியில் பனிக்கட்டியைக் கண்டனர், அக்டோபரில் உணவு தீர்ந்த நிலையில்தான் விரிகுடாக் கரையோரமாகச் சர்ச்சில் என்னும் குடியிருப்பை அடைந்தனர்.

நீங்கள் செல்லும் நிலம் யாரும் இல்லாத நிலம் அல்ல. அருவிகளைச் சுற்றிப் படகையும் சுமையையும் தூக்கிக் கடக்கும் போர்ட்டேஜ் பாதைகளை நூற்றாண்டுகளாக நடந்து நடந்து உருவாக்கியவர்கள் தேனே, க்ரீ, அனிஷினாபே, இன்னு போன்ற முதற்குடி மக்கள். டைரலுக்கு டுபான்ட் ஆற்றைப் பற்றிய செய்தியே தேனே மக்களிடமிருந்துதான் கிடைத்தது. எனவே அந்தப் பகுதியின் சமூக அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, எங்கே போகிறீர்கள், என்ன எடுத்து வருவீர்கள் என்பதைத் தெரிவித்து, தேவையான அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர் ஒருவர் வரைந்து காட்டும் பாதை பல இடங்களில் அச்சு வரைபடத்தைவிட நம்பத்தக்கது.

படகும் சுமையும்

இரண்டு பேரும் சுமையும் செல்ல 16 அல்லது 17 அடிப் படகு போதும். பெரிய ஏரிகளும் நீண்ட பயணமும் என்றால் 18 அடி வேண்டும். அடிப்பகுதி சற்றே வளைந்ததாகவும், பக்கங்கள் உயர்ந்ததாகவும், அடியில் துருத்திய கட்டை இல்லாததாகவும் இருந்தால் வேகநீரில் பக்கவாட்டில் திருப்ப எளிதாக இருக்கும். கனமான பொருள்களை நடுவிலும் அடியிலும் வைத்து, படகின் பின்பக்கம் ஒரு விரலளவு தாழ்ந்திருக்கும்படி சரிசெய்ய வேண்டும். எதிர்காற்றில் செல்லும்போது மட்டும் சுமையைச் சற்று முன்னே நகர்த்துங்கள். குறிப்பேடுகளும் வரைபடங்களும் நீர்புகாத தனிப் பையில் இருக்க வேண்டும். அந்தப் பை மிதக்க வேண்டும் என்பதையும் வீட்டிலேயே ஒரு தொட்டியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவு, கொழுப்பு, உலர்ந்த இறைச்சி என்பது அங்குள்ள பழைய வழக்கம். அரிசியும் பாசிப்பருப்பும் எடைக்கும் எரிபொருளுக்கும் அதைவிட மோசமல்ல. விரைவில் வேகாத பருப்பு வகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முன்னால் அமர்பவர் குறிப்பெடுப்பவராகவும் பின்னால் அமர்பவர் படகின் திசையைக் கவனிப்பவராகவும் இருப்பது வசதி. சுத்தியல், திசைகாட்டி, கைலென்ஸ் ஆகிய மூன்றையும் கயிற்றில் கோத்து உடலிலோ படகிலோ கட்டிவிட வேண்டும்.

கரையைப் படித்தல்

கேடயத்தின் காடுகளுக்குள் பாறை இருந்தாலும் அதன்மேல் லைக்கன் என்னும் பாசி போன்ற படலம் படர்ந்து, நிறமும் இழையமும் தெரியாமல் மறைந்திருக்கும். நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு முழ உயரப் பட்டையில் மட்டும் அலையும் குளிர்காலப் பனிக்கட்டியும் அதைத் தேய்த்துத் துடைத்து வைத்திருக்கின்றன. கரையோர வரைபடம் என்பதே அந்தப் பட்டையைத் தொடர்ந்து படிப்பதுதான். ஆற்றில் ஒரு கரையை ஒட்டியே செல்லுங்கள், நடுவில் செல்லாதீர்கள். ஏரியில் முழுச் சுற்றுக்கரையையும் தீவுகளையும் விடாமல் பாருங்கள். சிறு தீவுகள் பெரும்பாலும் கடினப் பாறையின் எஞ்சிய முனைகள் என்பதால் அவற்றில் நல்ல முகப்புகள் கிடைக்கும். வட மேற்குப் பிரதேசங்களில் அகாஸ்டா ஆற்றின் ஒரு தீவில் வெளித்தெரியும் நைஸ் என்னும் வரிவரியான உருமாறிய பாறை சுமார் 400 கோடி ஆண்டுப் பழமையானது. உலகில் இதுவரை அறியப்பட்ட மிகத் தொன்மையான பாறைகளுள் அது ஒன்று.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணின் கீழ் இடம், பாறையின் வகை, புதிதாக உடைத்த முகத்தின் நிறம், கனிமங்கள், மணிகளின் அளவு, பாறைத் தளம் கிடைமட்டத்தை வெட்டும் கோட்டின் திசையாகிய நீட்டுத்திசை, அத்தளம் சாயும் கோணம், ஒரு பாறை மற்றொன்றைத் தொடும் எல்லையின் தன்மை ஆகியவற்றை இதே வரிசையில் எழுதுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் எதை எழுத மறந்தீர்கள் என்பது அங்கேயே கண்ணில் படும். பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம். 'கரும்பச்சை, மெல்லிய மணிகள், கீறினால் வெண்கோடு' என்று எழுதியதைப் பின்னர் யாரும் சரிபார்க்கலாம். 'பசால்ட்' என்று எரிமலைப் பாறையின் பெயரை மட்டும் எழுதினால் உங்கள் முடிவு மட்டுமே எஞ்சும்.

பச்சைக்கல் பட்டைகள் எனப்படும் தொன்மையான, பச்சை நிறமேறிய எரிமலைப் பாறைப் பகுதிகளில் தலையணை வடிவ எரிமலைக் குழம்புப் பாறைகளைக் கண்டால் அங்கே நிதானமாக நில்லுங்கள். நீருக்கடியில் வழிந்த குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு படியும்போது, ஒவ்வொரு தலையணையின் மேற்புறமும் வட்டமாக உப்பியும், அடிப்புறம் கீழே உள்ள இரண்டு தலையணைகளின் இடுக்குக்குள் கூராக இறங்கியும் உறைகிறது. எனவே அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்தோ தலைகீழாகப் புரண்டோ கிடந்தாலும், ஒரு காலத்தில் எந்தப் பக்கம் மேல் என்பதை அந்த உருவத்திலிருந்து சொல்லிவிடலாம். மடிப்புகளைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய சான்று இந்நிலத்தில் அரிது. ஒரு தலையணையை மட்டும் நம்பாமல் பத்துப் பதினைந்தைப் பார்த்து, பெரும்பான்மை காட்டும் திசையை எழுதுங்கள்.

பனிப்பாளம் விட்டுச் சென்ற கீறல்களையும் பதிவு செய்யுங்கள். பாறையின் வழுவழுப்பான முகத்தில் இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் பனி நகர்ந்த அச்சைக் காட்டும். ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்தும் மறுபக்கம் பிய்ந்தும் உள்ள மேடுகள் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைக் காட்டும். ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே ஒரு பெரும் பனிப்பாளத்தின் மையம் இருந்தது என்று டைரல் முடிவு செய்தது இத்தகைய கீறல்களைத் தொடர்ந்து அளந்ததால்தான்.

பாறை தெரியாத இடத்தையும் எழுத வேண்டும். 'இங்கிருந்து அடுத்த வளைவு வரை களிமண் கரை, பாறை இல்லை' என்னும் வரியைப் புதியவர்கள் வீண் என்று கருதுகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால், அலுவலகத்தில் வரைபடம் வரைபவர் அங்கே பாறை இருந்து நீங்கள் பார்க்கவில்லையா, பாறையே இல்லையா என்பதை அறிய வழியில்லை.

திசைகாட்டியை நம்புவதிலும் அளவு வேண்டும். கனடாவின் மேற்கில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து கிழக்கேயும், கிழக்கில் மேற்கேயும் விலகுகிறது. பல இடங்களில் இவ்விலகல் 15 பாகைக்கும் மேல். அதை முதல் நாளே கருவியில் சரிசெய்து, சரிசெய்ததைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதிவையுங்கள். இரும்புப் பட்டைப் பாறைகளின் அருகே ஊசி தாறுமாறாகத் திரும்பும். 1844-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் நில அளவை செய்துகொண்டிருந்த வில்லியம் பர்ட் குழுவினர், ஊசி இவ்வாறு பிறழ்ந்ததைக் கொண்டே அங்கிருந்த இரும்புத் தாதைக் கண்டனர். பர்ட் தாம் உருவாக்கிய சூரியத் திசைகாட்டியை வைத்திருந்ததால் அளவைப் பணியும் தடைப்படவில்லை. உங்களிடம் அது இருக்காது. ஊசி பிறழும் இடத்தில் தொலைவில் தெரியும் முனையையோ தீவையோ குறிவைத்து, வரைபடத்திலிருந்து திசையை எடுங்கள். பிறழ்ந்தது என்பதையும் எழுதுங்கள்.

போர்ட்டேஜ்

சுமையை ஒரே நடையில் கொண்டுசெல்ல முடிந்தால் ஒரு கிலோமீட்டர்ப் பாதைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். இரண்டு நடை என்றால் மூன்று கிலோமீட்டர், மூன்று நடை என்றால் ஐந்து. பழைய மென்மயிர்த் தோல் வணிகக் காலத்துத் துடுப்பாளர்கள் ஒவ்வொன்றும் 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ, எடையுள்ள இரண்டு மூட்டைகளை நெற்றிப்பட்டையில் தாங்கி ஒரே முறையில் தூக்கிச் சென்றனர். அதைப் பின்பற்ற வேண்டாம். அவர்களிற் பலருக்குக் குடலிறக்கம் வந்ததும் அதே வரலாற்றில் பதிவாகியுள்ளது.

நிலவியலாளருக்கு இரண்டு நடையே ஏற்றது. முதல் நடையில் படகையோ கனத்த மூட்டையையோ பாதை வழியே கொண்டுபோய் வையுங்கள். திரும்பி வரும்போது பாதையை விட்டு, சுத்தியலோடு அருவியின் ஓரமாகவே பாறை மேல் ஏறி வாருங்கள். சுமையில்லாத அந்த நடைதான் உங்கள் ஆய்வு நேரம். அருவியின் மேல்முனையில் கடினப் பாறை எது, அடியில் அரிக்கப்பட்ட பாறை எது, இரண்டும் சந்திக்கும் எல்லை கூர்மையானதா, படிப்படியாக மாறுவதா, பிளவால் வெட்டப்பட்டதா என்பதைத் தேடுங்கள். ஈரப்பாறையில் பச்சைப்பாசி சோப்பைவிட வழுக்கும். நீரோட்டத்துக்கு மேலே தொங்கும் விளிம்பில் தனியாக இறங்காதீர்கள்.

வேகநீரும் காற்றும்

வேகநீரை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் உண்டு. சுமையேற்றிய திறந்த படகில், மீட்க யாருமில்லாத நாட்டில், 2-ஆம் தரத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான அறிவுரை. அந்த 2-ஐயும் முதலில் கரையில் இறங்கி முடிவு வரை நடந்து பார்த்துவிட்டே ஓட்ட வேண்டும். ஐயம் இருந்தால், முன்னும் பின்னும் கயிறு கட்டி, கரையில் நடந்தபடியே படகை மெல்ல நீரில் இறக்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

வேகநீரைக் கண்டு எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். பெரிய ஏரியின் காற்றைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டக்ளஸ் ஹௌட்டன் 1832-இல் 22 வயதில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் மிசிசிப்பியின் மூலத்தைத் தேடிய பயணத்தில் சென்றவர். அப்பயணத்தில் ஓஜிப்வே மக்கள் பலருக்கு அம்மைத் தடுப்பும் இட்டார். 1837-இல் மிச்சிகனின் முதல் மாநில நிலவியலாளரானார். 1841-இல் அவர் எழுதிய அறிக்கை கிவீனா தீபகற்பத்தின் செம்பை உலகுக்கு அறிவித்தது. இத்தனை ஆண்டுகள் நீர்வழிகளில் பழகியவர், 1845 அக்டோபர் 13 அன்று சுபீரியர் ஏரியில் புயல் எழுந்த இரவில் கரையேறாமல் தொடர்ந்து செல்லத் துணிந்ததால், ஈகிள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே படகு கவிழ்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

காற்று பெரும்பாலும் முற்பகலில் வலுத்து மாலையில் தணியும். ஆகவே திறந்த நீரை விடியற்காலையில் கடந்துவிட்டு, காற்று எழும்போது கரையில் வேலை செய்யுங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகின் அடியில் வைக்காமல் உடலில் அணியுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் பயன்படும்படி இயங்கச் சுமார் பத்து நிமிடம், நினைவு தப்பும் முன் சுமார் ஒரு மணி நேரம் என்று கனடாவில் கற்பிக்கிறார்கள். அங்கி இல்லாதவர் அந்தப் பத்து நிமிடத்தையே தாண்டுவது கடினம். காற்றால் நாள் முழுவதும் கட்டுண்டு கிடக்க நேர்ந்தால், திட்டமிட்டு வைத்திருந்த குறுக்கு நடைகளுக்கு அதுவே நாள்.

மாதிரிகளும் மாலை வேலையும்

கையளவு கிரானைட் துண்டு ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து துண்டுகள் எடுத்தால் ஒரு வாரத்தில் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதை ஒவ்வொரு போர்ட்டேஜிலும் தோளில் சுமக்க வேண்டும். எனவே ஒவ்வொரு வகைக்கும் சிதையாத, புதிய முகமுள்ள ஒரு துண்டும், ஒவ்வொரு எல்லைக்கும் இருபுறமும் ஒவ்வொரு துண்டும் போதும். விமானம் வந்திறங்கக்கூடிய ஏரிகளில் மாதிரிகளைப் பையிலிட்டுச் சேமித்து வைத்து, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துச் செல்லுங்கள். எண்ணைத் துண்டின் மேலேயே எழுதி, பைக்குள்ளும் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். ஈரத்தில் ஒன்று அழிந்தால் மற்றொன்று இருக்கும்.

அன்றைய குறிப்புகளை அன்று மாலையே மை கொண்டு அழுத்தமாக எழுதி, நிறுத்தங்களை வரைபடத்தில் ஏற்றி, பக்கங்களைப் படமெடுத்து, அந்தப் படங்களை மற்றவரின் பையில் உள்ள கருவியில் வைத்துவிடுங்கள். களைப்பு எவ்வளவு இருந்தாலும் இதை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது, ஏனெனில் மறுநாள் நாற்பது புதிய பாறைகள் பழையவற்றின் மேல் படிந்துவிடும். உங்கள் குறிப்பை யார், எப்போது எடுத்துப் படிப்பார் என்பதும் தெரியாது. 1890-களில் நிலவியலாளர் ஆல்பர்ட் பீட்டர் லோ கிழக்குக் கனடாவின் லாப்ரடார் உள்நாட்டைப் படகில் கடந்து பதிவு செய்த இரும்புப் பாறைகளிலிருந்து 1954-இல்தான் தாது ஏற்றுமதி தொடங்கியது.

கடைசி வாரத்தில், தீராத கேள்விகளைத் தனித்தாளில் எண்களோடு தொகுத்துவிடுங்கள்: எந்த எல்லையை நேரில் பார்த்தீர்கள், எதை இரண்டு முகப்புகளுக்கிடையே ஊகித்தீர்கள், எந்த ஓடைக்கு மேலே போக நேரமில்லை என்பன அதில் இருக்க வேண்டும். வரைபடத்தில் நேரில் கண்ட எல்லையை முழுக்கோடாகவும், ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். விமானம் வரும் நாளுக்கு ஒரு நாள் முன்பே ஏரிக்கரைக்குச் சென்று, மாதிரிப் பைகளை எடைபோட்டு வரிசையாக அடுக்கி வையுங்கள். சுமை மிகுந்தால் எவற்றை முதலில் ஏற்றுவது, எவற்றை அடுத்த பயணத்துக்கு விடுவது என்று விமானி கேட்பார், அப்போது உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.